இரண்டு அடி மௌனத்தில் ஒரு விதை

உப்பில் ஊறி வறுபட்ட சூரியகாந்தி விதையை முன்பல்லுக்கு நடுவே நிறுத்தி ஒரே அழுத்தாக அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். ஓடு இரண்டாகப் பிளந்து பருப்பு நாக்குக்குப் போக, உதட்டில் உப்பு எரியும். யாங்கோனில் நாங்கள் அதை 'நேஜாஸி' என்று பர்மியப் பெயராலேயே சொல்வோம். ரயிலில், பஸ்ஸில், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் போகும் படகில் என்று ஊரே எந்நேரமும் அதைக் கொறித்துக்கொண்டிருந்ததால், அந்தச் சத்தம் யார் காதிலும் விழுந்ததே இல்லை. ஒரே ஒரு தரம்தான் விழுந்தது. அதைப் போட்டவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது.

என் பெரியப்பா சூசை, இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வாரத்தில் ஆறு நாள் ஊரைச் சுற்றி ஓடும் சர்க்குலர் ரயிலில் போய் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருவார். ஞாயிறு மத்தியானம் கிளாரினெட் வாசிப்பார். மிஷன் பள்ளிக்கூடத்து பாண்டில் கற்றுக்கொண்டது பூசைப் பாட்டுகள்தான் என்றாலும், கப்பல்காரர்கள் விட்டுப்போன பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு ஜாஸ் அவர் விரல்களில் ஏறிவிட்டது. கோயிலில் ஆர்கன் வாசிக்கும் பிலோமினா டீச்சர் பியானோவுக்கும், எதிர்வீட்டு ஊலே தெய்ன் டிரம்முக்கும் சேர்ந்துகொண்டார்கள். ('ஊலே' என்றால் எங்களூரில் மாமா மாதிரி.) ஞானஸ்நான விருந்துகளிலும் கல்யாணங்களிலும் வாசிப்பார்கள். இந்த மூன்று பேரைப் பற்றி யாரும் எங்கும் ஒரு வரி எழுதியதில்லை. பெரியம்மா மட்டும் அந்தக் கிளாரினெட்டுக்கு 'பீப்பீ' என்று பெயர் வைத்திருந்தார்.

பெரியப்பாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எங்கே வாசித்தாலும் வீட்டு ஆள் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். "ஊராளு கைதட்டுவான். வீட்டாளுதான் கேப்பான்" என்பார். பெரியம்மா வரமாட்டார், அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை. ஆகவே அந்த வீட்டாள் பதவி எனக்கு வந்தது.

கேசட் கடைக்காரர் ஒருவர் அவர்கள் வாசிப்பைக் கேட்டுவிட்டு, தாம் வெளியிடவிருந்த பர்மியப் பாட்டு கேசட்டின் கடைசியில் கொஞ்சம் இடம் இருக்கிறது, அதில் ஒரு துண்டு வாசித்துக் கொடுங்கள் என்றார். ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, ஸ்பூல் டேப் மிஷினைக் கோயில் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். டேப்பில் மிச்சம் இருந்தது ஒரு தரம் வாசிக்கும் அளவுக்குத்தான். காக்கைச் சத்தம் விழக்கூடாது என்று ஜன்னல்களை அடைத்தார்கள், மின்விசிறியை நிறுத்தினார்கள். வாசலில் ஸ்டாண்டு போட்டிருந்த சைக்கிள் ரிக்ஷா ஓட்டும் சைக்காக்காரர்களிடம் ஊலே தெய்ன் போய், கால்மணி நேரம் மணி அடிக்காதீர்கள் என்று கும்பிட்டுவிட்டு வந்தார். பெரியப்பா என்னை முன் பெஞ்சில் உட்கார வைத்து, "பாப்பா, மூச்சு விட்டாலும் மெதுவா விடு, என்ன?" என்றார். தலையாட்டினேன். கவுன் பையில் ஒரு பிடி நேஜாஸி இருந்தது.

அது அவரே கட்டிய மெட்டு. நடுவில் மூவரும் சட்டென்று நிறுத்துவார்கள். தாளத்தில் இரண்டு அடிக்கு மண்டபமே செத்தது போலிருக்கும். பிறகு கிளாரினெட் மட்டும் தனியாக மேலே கிளம்பும். அந்த இரண்டு அடிதான் அவருக்குப் பெருமை. "ஊதுறது யாரு வேணும்னாலும் ஊதலாம், அங்க ஊதாம நிக்கிறதுதான் வித்தை" என்று பட்டறை ஆட்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார். எனக்கும் அது அத்துபடி. அன்றைக்கு வெக்கையிலும் பயத்திலும் கை தானாகப் பைக்குள் போயிருக்க வேண்டும். மூவரும் நிறுத்தினார்கள். நான் கடித்தேன்.

'டிக்.'

பெரியப்பா அசரவில்லை. மேலே கிளம்பி, முழுசாக வாசித்து முடித்தார். போட்டுக் கேட்டபோது அந்த இடத்தில் என் விதை ஆணி அடித்தது போல் விழுந்திருந்தது. பிலோமினா டீச்சர் என் பக்கம் திரும்பி, "ஏண்டி, நற்கருணை வாங்குற வாய்தானே இது? அஞ்சு நிமிஷம் சும்மா இருக்காதா?" என்றார். ஊலே தெய்ன் சிரித்தார். கடைக்காரர், "பரவாயில்லை, யாருக்குக் கேட்கப்போகிறது" என்று மிஷினைக் கட்டினார். வீடு வரைக்கும் பெரியப்பா என்னை விட்டு முன்னால் நடந்தார். நான் அழுதேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் வெகுநாள் போகவில்லை.

கேசட் வந்தது. அட்டையில் அப்போது பேர்போன வேறொரு பாண்ட் மாஸ்டரின் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குத்தான் விற்கும் என்றார் கடைக்காரர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். பெரியம்மா கொதித்தார். பெரியப்பா கேசட்டை இரண்டு தரம் போட்டுக் கேட்டார். பிறகு அவர் முகம் தெளிந்துவிட்டது. "பேரை மாத்திப்புட்டான், சரி. பாப்பா போட்ட சத்தத்தை மாத்த முடியுமா? அது இருக்கிற வரைக்கும் இது என்னுதுதான்" என்றார்.

அன்று பிடித்தது வினை. வீட்டுக்கு யார் வந்தாலும் கேசட் ஓடும். அந்த இடம் வருமுன் அவர் விரலைத் தூக்குவார். 'டிக்' என்றதும், "இந்தா, இவதான்" என்று என்னைப் பிடித்து முன்னால் நிறுத்துவார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் மானத்துக்கு நான் சாட்சி. என் மானத்தைக் கேட்பார் இல்லை. கடைசியில் கோயிலுக்குப் போய், தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் அந்தோணியாரிடம், அந்தச் சத்தத்தை எப்படியாவது தொலைத்துவிடும்படி மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொண்டேன்.

பெரியப்பா போய் வெகுகாலம் ஆகிறது. டீச்சரும் ஊலே தெய்னும் அவருக்குப் பின்னாலேயே போனார்கள். எங்கள் கேசட்டை ஒரு மழைக்காலத்துப் பூஞ்சை தின்றுவிட்டது. தமிழ் புரிந்தாலும் பர்மியத்தில்தான் பதில் சொல்லும் என் மகள், போன வருஷம் போனை என் காதருகே வைத்து, "இது தாத்தா மெட்டுதானே?" என்றாள். நான் முணுமுணுத்துக் கேட்டே வளர்ந்தவள் அவள். அதே மெட்டுதான். போட்டிருந்தது அந்த பாண்ட் மாஸ்டர் பெயர். இரண்டு அடி மௌனம் வந்தது. 'டிக்' வரவில்லை. அந்தோணியார் நிதானமாகத்தான் வேலை செய்கிறார் போலும்.

அதை இணையத்தில் வெளியிட்டவர் கோ பைங் என்ற இளைஞர். யாருக்கும் தெரியாத பழைய ஜாஸ்காரர்களின் ஒலிப்பதிவுகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர். டீக்கடையில் சந்தித்தேன். மரியாதையான பிள்ளை. டாலாவில் ஒரு வீட்டில் கேசட் கிடைத்ததாகவும், கீறல் சத்தங்களைக் கம்ப்யூட்டரில் எடுத்துச் சுத்தம் செய்ததாகவும், பிறகு டேப் அறுந்துபோனதாகவும் சொன்னார். சுத்தம் செய்ததை மட்டும்தான் வைத்திருந்தார்.

"ஆன்ட்டி, உங்கள் பெரியப்பா வாசித்ததென்றால் பெயரை மாற்றிவிடுகிறேன். ஆனால் ஏதாவது ஆதாரம் வேண்டுமே?" என்றார்.

போட்டோ இல்லை, கடிதம் இல்லை. இருந்த ஒரே சாட்சியை எதிரே உட்கார்ந்திருந்தவரே பெருக்கித் தள்ளிவிட்டார். எனக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. போட்டுக் காட்டுங்கள் என்றேன். போனை மேஜையில் வைத்தார். பக்கத்து மேஜைக்காரரிடம் ஒரு நேஜாஸி கேட்டு வாங்கிப் பல்லிடையில் வைத்துக்கொண்டேன். மூவரும் நிறுத்தினார்கள். கடித்தேன்.

கோ பைங் சட்டென்று நிமிர்ந்தார். "நான் ஒரு சத்தத்தை எடுத்தது இதே இடத்தில்தான்," என்றார். "கீறல் என்று நினைத்தேன்."

"அது நான்," என்றேன்.

மறுநாளே பெயர் மாறியது: கிளாரினெட், சூசை, இன்சீன். டீச்சர் பெயரும் ஊலே தெய்ன் பெயரும் கீழே இருக்கின்றன. பெரியப்பாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் இப்போது கேட்டால் அந்த மௌனம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மூன்று பேர் வாசிக்கிறார்கள், எதிரே பெஞ்சில் யாரும் இல்லை. அதனால் போடும்போதெல்லாம் ஒரு பிடி நேஜாஸி எடுத்து வைத்துக்கொள்கிறேன். அந்த இடம் வந்ததும் ஒன்றைக் கடிக்கிறேன்.