மூன்றாவது டீயில் நின்றுபோன கணக்கு

எங்கள் கீவ் ஆய்வுக்கூடத்தில் கணக்குகளை டீயால் அளப்போம். சின்னக் கணக்கு ஒரு டீ. கொஞ்சம் முரண்டு பிடித்தால் மூன்று டீ. 'மிர்' என்று ஒரு கணினி இருந்தது. அது யோசித்து முடிக்கும்வரை நாங்கள் ஜாடித் தண்ணீருக்குள் மின்சாரச் சுருள் கம்பியைப் போட்டுக் கொதிக்க வைத்து, செர்ரி ஜாம் தொட்டுக்கொண்டு குடிப்போம். பாதிக் கல்யாணங்கள் அந்த ஜாடியைச் சுற்றித்தான் நிச்சயமாயின.

அதன் மொழிக்கு அனாலிடிக் என்று பெயர். எண்ணைக் கொடுத்து எண்ணை வாங்கும் மொழி இல்லை; சூத்திரத்தைக் கொடுத்தால் சூத்திரமாகவே திருப்பித் தரும். மூன்றில் ஒன்று என்றால் மூன்றில் ஒன்றாகவே வைத்துக்கொள்ளும். இப்போதைய கணினிகள்போலப் புள்ளிக்குப் பின்னால் மூன்று மூன்றாக அடுக்கிக்கொண்டு போய் நடுவழியில் கைவிடாது. இதைச் சொன்னால் எனக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள். ஆகட்டும்.

ரயீசா திமோஃபீவ்னா என் பக்கத்து மேசைக்காரி. நீப்ரோ ஆற்றுப் பாலத்தின் கம்பிவடங்கள் காற்றில் எப்படி நடுங்கும் என்று ஒரு சூத்திரம் கண்டிருந்தாள். அதே நடுக்கத்துக்கு எதிர் மேசை யுகிமும் ஒரு சூத்திரம் வைத்திருந்தான். இரண்டும் பக்கம் பக்கமாக நீளும். ஒன்றைப் போல மற்றொன்று இருக்காது.

"எங்கேயோ கோட்டை விட்டிருக்க ரயீசா."

"உன் கண்ணாடிய மொதல்ல தொடை. அப்பறமா என் தப்பத் தேடு."

இப்படியே ஒரு குளிர்காலம் முழுக்க. சண்டை பிடித்தார்கள் என்றா நினைத்தீர்கள்? அவர்கள் காதலித்த விதம் அது. ஆனால் ஒருநாள் யுகிம் எல்லோர் முன்னாலும், "இவளுக்குக் கூட்டலே வராது" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து விளையாட்டு வினையாயிற்று. கடைசியில் மிர்தான் நீதிபதி என்று ஒப்புக்கொண்டார்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கச் சொல்வது; மிச்சம் வந்தால் அதை வைத்துத் தப்பு யாருடையது என்று பிடிப்பது; தப்பு செய்தவர் மன்னிப்புக் கேட்பது. ஆறு டீ கணக்கு என்று நான்தான் மதிப்பிட்டேன்.

மூன்றாவது டீயில் மின்சாரப் பணியாளர்கள் வந்தார்கள். மிர்ரைப் பிரித்து, உள்ளே இருக்கும் தங்கப் பொட்டுகளை எடுக்க உத்தரவாம்.

"இன்னும் மூணு டீ நேரம் குடுங்கண்ணே," என்று ரயீசா கெஞ்சினாள்.

"டீயெல்லாம் வீட்ல போயி குடிங்கம்மா," என்று சொல்லி அந்த ஆள் விசையை இறக்கிவிட்டான்.

தீர்ப்பு வரவில்லை, அதனால் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. யுகிம் கார்கிவுக்கு மாற்றல் வாங்கிப் போனான். ரயீசா தனியாகவே இருந்துவிட்டாள். அவள் சமையலறையில் நாற்காலி ஒன்றுதான். நான் போனால் சன்னல் விளிம்பில்தான் உட்கார வேண்டும்.

நாடு மாறியது, பணம் மாறியது, மேசைக்கு மேசை சின்னக் கணினிகள் வந்தன. ரயீசாவுக்கு அப்போது ஒரே பித்து: அனாலிடிக் மொழியைப் படித்து நடத்தும் ஒரு இன்டர்பிரட்டர் நிரல் இந்தச் சின்னக் கணினிக்குக் கிடைக்காதா? ஞாயிறுதோறும் ரேடியோ சந்தைக்கு என்னையும் இழுத்துப் போவாள். பனியில் கால் விறைக்க, பிளாப்பி வட்டு விற்பவன் ஒவ்வொருவனிடமும் கேட்பாள்.

"அனாலிடிக்கா? அது வயித்து வலி மாத்திரையா அத்தே?" என்றான் ஒருவன்.

"ஆமாண்டா, உன்னப் பெத்தப்ப உங்கம்மா முழுங்கினது," என்றாள். அவன் சிரித்துவிட்டு ஒரு சீட்டாட்ட பிளாப்பியை இலவசமாகவே கொடுத்தான்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். எங்கள் ஆய்வுக்கூடக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே வலேரியன் என்றொருவர். மாடிப்படியில் பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான். குளிருக்குப் பயந்து ஒருநாள் நாங்கள் இருவரும் அவர் அறையில் ஒதுங்கியபோது, திரையில் அந்தப் பழைய மொழி ஓடிக்கொண்டிருந்தது. அவரும் அவர் கூட்டாளிகளும் எழுதிய இன்டர்பிரட்டர்.

"இத யாருமே கேக்கலியேம்மா," என்றார் அந்த மனுஷர். எனக்கு அவரை அறையலாம்போல இருந்தது.

ரயீசா உட்கார்ந்தாள். தன் சூத்திரத்தைத் தட்டினாள். பிறகு யுகிமுடையதையும் தட்டினாள், ஓர் எழுத்துக்குக்கூட நிற்காமல். இத்தனை வருஷமாக அதை மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறாள்! கழி, சுருக்கு என்று கட்டளை கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஜாடியில் கம்பியைப் போட எழுந்தாள்.

"அதான் வந்துருச்சே," என்றார் வலேரியன்.

திரையில் ஒரு பூஜ்யம். வேறொன்றுமில்லை. இரண்டு சூத்திரமும் ஒன்றேதான். எழுதின விதம்தான் வேறு. ரயீசா வலேரியனின் தொலைபேசியை இழுத்து, கார்கிவ் எண்ணையும் மனப்பாடமாகவே சுழற்றினாள்.

"யுகிம், பூஜ்யம் வந்திருக்கு."

இரைச்சலுக்கு நடுவே அவன் குரல்: "ரெண்டு பேரும் சரியா?"

"ரெண்டு பேரும் சரி."

"அப்ப மன்னிப்பு யாரு கேக்கறது?"

"தெரியல. அதுக்குக் கட்டள இல்ல."

"எத்தன டீ ஆச்சு?"

"தண்ணியே இன்னும் கொதிக்கல யுகிம்," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அந்த வாரமே எங்கள் வீட்டுக்கு வந்து, சமையலறைக்கு இன்னொரு நாற்காலி இரவல் கேட்டாள். கொடுத்தேன். இன்றுவரை திருப்பித் தரவில்லை.