எட்டு மணிக்குள்ள டப்பா

ஆபீஸ் ரூம்ல கூட்டம். கல்லூரி முதல்வர் சார் இருந்தாரு, யாழ்ப்பாணத்துக்காரர். தையல் டீச்சர் இருந்தாங்க. கதவுகிட்ட நான், கேன்டீன் சமையல்காரி பாக்கியம். இலங்கை மலையகத்துல, ஹட்டன் பக்கம் ஒரு தொழில் படிக்கிற கல்லூரி அது.

முந்தின நாள் சரண்யா தையல் மிசின் மேலயே மயங்கி விழுந்துட்டா. டயகம தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. விடியறதுக்கு முன்ன பஸ் ஏறி வாறவ. ரெண்டு நாளா சோறு இல்லாம வெறும் தேத்தண்ணி.

சோறு கொண்டுவர வழியில்லாத பிள்ளைகளுக்கு மதியச் சோறு குடுக்க அன்னைக்கு முடிவாச்சு. அரிசி பழைய மாணவர்கள் தந்தாங்க. சார் அந்தப் பிள்ளைகளோட பேரை லிஸ்ட்டா எழுதி போர்டுல ஒட்டுனாரு. சரண்யா பேர் முதல்ல.

ஒருத்தரும் வரல. சோறு அப்படியே மிஞ்சுச்சு. சரண்யா கல்லூரிக்கே வாறத நிப்பாட்டிட்டா. இன்னும் ஒரு வாரம் வராட்டி பரீட்சை எழுத ஏலாது.

டீச்சர் சரண்யாவுக்குப் போன் பண்ணுனாங்க. "பஸ்ஸுல என்னைய 'ஓசிச் சோறு'ன்னு கூப்பிடுறாங்க டீச்சர். நான் வரமாட்டேன்."

நான் சார்கிட்ட போனேன்.

"லிஸ்ட்டைக் கிழிங்க சார்."

"கிழிச்சா ஆருக்குக் குடுக்கிறதெண்டு எப்பிடித் தெரியும்?"

"டப்பாவைத் தூக்குனா தெரியும். பதினெட்டு வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்து எடை பழகுன கை சார்."

இங்க குளிருக்கு பத்து மணிக்கே சோறு வெறச்சுப் போகும். அதனால எல்லா டப்பாவையும் கேன்டீன்ல சூடு காட்டுறோம்னு சொல்லச் சொன்னேன். சோறு இருந்தாலும் இல்லாட்டியும் எட்டு மணிக்குள்ள டப்பா வரணும். எல்லா மூடி மேலயும் அவங்கவங்க பேர். காலியா வந்தா நான் நிரப்புவேன். வேற யாரும் தொறக்கக் கூடாது.

சார் லிஸ்ட்டைக் கிழிச்சாரு; டீச்சர் விசயத்தைப் போன்ல சொல்ல, திங்கக்கிழமை சரண்யா வந்தா. டப்பாவை, நெறஞ்சது மாதிரி, ரெண்டு கையாலயும் நீட்டுனா. நானும் ரெண்டு கையால வாங்கினேன்.

மத்தியானம் எல்லா டப்பாவும் ஒரே சூடு.

"என்னடி, ஒன் பருப்பும் என் பருப்பும் ஒரே மாதிரி இருக்கு?" சரண்யாவுக்குப் பக்கத்துல இருந்தவ கேட்டா.

"எல்லா லயத்து வீட்டுலயும் பருப்பு மஞ்சள்தான்டி. பேசாம தின்னு."

சரண்யா பரீட்சை எழுதுனா.

கேன்டீன் வேலைக்குப் புதுசா வாறவங்களுக்கு ஒன்னுதான் சொல்லுவேன். பசிக்கிற பிள்ளைகிட்ட பேர் கேக்காதீங்க.

அந்தத் திங்கக்கிழமை வந்த டப்பா நாப்பத்திரெண்டு. காலி பத்தொன்பது.