இத்தாவில் கிரிக்கெட்டுக்குத் தடை இல்லை

கணவன் இறந்தால் முஸ்லிம் பெண் அரச ஊழியருக்கு நான்கு மாதமும் பத்து நாளும் விசேட லீவு உண்டு. அது அரச ஊழியர் விதிநூலான தாபனக் கோவையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று, புத்தகத்தைப் பார்க்காமல், மாத்தளை மாவட்டத்தில் சொல்லக்கூடியவர்களில் நான் ஒருவன். மற்றவர் யாரென்று எனக்குத் தெரியாது. தங்கையின் கணவர் மாரடைப்பில் காலமானபோது, மையித்து வீட்டுக்கு வந்திருந்த அவளது பாடசாலை அதிபரை ஓரமாகக் கூட்டிப்போய் அந்த விதியைச் சொன்னேன். பிரதேச செயலகங்களில் ஆயுளைக் கழித்தவனுக்கு ஆறுதல் சொல்ல வேறு வழி தெரியாது.

தங்கை பலாபத்வலயில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். பிள்ளைகள் இல்லை. மாத்தளை டவுனில் அவள் வீடும் என் வீடும் ஒரே மதிலின் இரண்டு பக்கங்களில் இருக்கின்றன. அந்த நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கும் விதவை அவசியம் இல்லாமல் வெளியே போவதில்லை. அந்நிய ஆண்களுக்கு முன் வருவதில்லை. நகையும் வாசனையும் நல்ல உடுப்பும் கிடையாது. அவள் இவ்வளவையும் கடைப்பிடித்தாள். அதற்கு மேலும் போனாள். பேச்சு நின்றது. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பினாள். தலை வாரவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

பார்க்க வந்த பெண்கள் மிகுந்த திருப்தியோடு திரும்பினார்கள். "இத்தா எண்டா இப்பிடி ஈக்கணும்," என்று பின்வீட்டுச் சாச்சி என் மனைவியிடம் சொன்னார். "போனும் கையுமா இத்தா ஈக்கிறவங்களயும் நான் கண்டிருக்கேன். வாயத் திறந்து செல்லல்ல, அவ்வளவுதான்."

"இப்ப செல்லிட்டீங்களே மாமி," என்றாள் என் மனைவி.

இத்தா முடிந்தது. சாச்சி வட்டிலப்பம் கொண்டுவந்தார். அடுத்த திங்கட்கிழமை தங்கை பாடசாலைக்குத் திரும்ப வேண்டும். காலையில் ஆட்டோவோடு போய் நின்றேன். அவள் கட்டிலில்தான் இருந்தாள்.

"தல வாரல்ல நானா," என்று அண்ணனான என்னிடம் சொன்னாள்.

மறுநாளும் வாரவில்லை. அந்த வாரம் முழுவதும் வாரவில்லை.

அதே கட்டில், அதே சுவர், அதே பெண். ஞாயிற்றுக்கிழமை வரை அதற்குப் பெயர் பக்தி. திங்கட்கிழமை முதல் அதற்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாத ஒன்றை எங்கள் ஊர் அதிக நாள் பொறுத்துக்கொள்ளாது. சாச்சி கண்ணூறு என்று முடிவு செய்து ஓதிய தண்ணீர் கொண்டுவந்தார். என் மனைவி இரத்தக் குறைவு என்று ஈரல் சமைத்தாள். நான் அதை 'லீவு கடந்தும் கடமைக்குத் திரும்பாமை' என்ற வகையில் போட்டேன். மூன்றிலும் ஆபத்தானது என்னுடையதுதான். சொல்லாமல் வராமல் இருப்பவர் பதவியை விட்டு விலகியதாகக் கருதப்படுவார். அதற்கான கடிதம் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பதிவுத் தபாலில் வரும். அப்படிப்பட்ட கடிதங்களை நானும் எழுதியிருக்கிறேன். மரியாதையான வாசகம், நன்றாக வெட்டும். கணவருக்குப் பிறகு அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த வகுப்பறை மட்டுமே. அதுவும் போய்விடும்.

"மெடிகல் ஒண்டு குடுக்கணும்," என்றேன். "அரச ஆஸ்பத்திரியில, மனநல கிளினிக்ல."

"எனக்குப் பைத்தியம்னு எழுதி வாங்கப் போறீங்க."

"ஒரு பேப்பர் மட்டுந்தான்."

"பைத்தியக்கார டீச்சர்கிட்ட யாரு நானா பிள்ளய விடுவாங்க? பேப்பர் இல்லாட்டி ஒங்க ஆக்கள் வேலய எடுப்பாங்க. பேப்பர் ஈந்தா ஊர் எடுக்கும்."

கணித ஆசிரியை அல்லவா, இரண்டு பக்கத்தையும் சரியாகப் போட்டிருந்தாள். ஆனாலும் வந்தாள். ஊரைவிடப் பதிவுத் தபால் வேகமானது என்று நான் சொன்னேன்.

டொக்டர் இளம் சிங்களப் பெண். பேச்செல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது; எங்கள் இருவருக்கும் அது சிரமம் இல்லை. நித்திரை வருகிறதா, பசிக்கிறதா, எப்போதிருந்து என்று நிதானமாகக் கேட்டார். ஊசி, இயந்திரம் எதுவும் வரக் காணோம். நான் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "ரத்தம் பாக்க மாட்டீங்களா?"

"பாப்பேன் மாத்தயா. வேற நோய் இல்லன்னு தெரிஞ்சுக்க. இத மட்டும் காட்டுற பரிசோதன ஒண்ணும் இல்ல. கேக்கணும், பாக்கணும், எவ்வளவு காலமா இருக்கு, எவ்வளவு முடங்கிப் போயிருக்காங்கன்னு பாக்கணும்."

"அப்ப நோய்க்கு வரைவிலக்கணம் யாரு போட்டது?"

"உலகத்துக்கே பொதுவா ஒரு வகைப்பாடு இருக்கு. நிபுணர்கள் கூடி முடிவு செய்றது. இடைக்கிடை மாத்துவாங்க."

"கமிட்டி," என்றேன்.

"கமிட்டிதான்."

எனக்கு உற்சாகமாகிவிட்டது. பல்லேகமவில் வேலை செய்த காலத்தில், எந்த வயல் 'வரட்சியால் பாதிக்கப்பட்டது' என்பதற்குக் கொழும்பில் ஒரு கமிட்டி வரைவிலக்கணம் எழுதி அனுப்பியதையும், அதன்படி வரம்புக்கு இந்தப் பக்கம் நிவாரணம், அந்தப் பக்கம் வெறும் வெடிப்பு என்று ஆனதையும் விவரமாகச் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"சரிதான் மாத்தயா. கோடு கமிட்டி போட்டது. வயல்ல தண்ணி இல்லாம போனது கமிட்டியாலயா?"

தங்கையின் உதட்டோரம் லேசாக அசைந்தது. என் வாய் அடைபடுவதைப் பார்ப்பதில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே விருப்பம்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "உங்க இத்தா எனக்குச் சரியாத் தெரியாது. என்னென்ன கூடாதுன்னு சொல்லுங்க. எனக்கு அதக் கழிச்சிட்டுப் பாக்கணும்."

விதி கேட்டால் நான் விடுவேனா? வரிசையாகச் சொன்னேன். வெளியே போவது, வாசனை, சுருமா, நகை, மறுமணப் பேச்சு. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். நன்றாகச் சாப்பிடக் கூடாதா? கூடும். தலை வாரக் கூடாதா? தாராளமாக வாரலாம். வீட்டுக்குள் இருந்து கணக்குச் செய்ய? செய்யலாம். டீவியில் பிடித்ததைப் பார்க்க? அங்கே நான் கொஞ்சம் தயங்கினேன், மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தங்கைதான் பதில் சொன்னாள்.

"இத்தாவுல கிரிக்கெட் பாக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. சத்தத்தக் கொறச்சிட்டுப் பாத்திருக்கலாம். நான்தான் பாக்கல்ல. யாரு அடிச்சாலும் என்னன்னு ஈந்திச்சி."

இலங்கை அணி தோற்றால் இரண்டு நாள் யாரோடும் பேசாத பெண் அவள். விதியைக் கழித்த பிறகு எஞ்சியது மேசையில் கிடந்தது. அது பக்தி இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"அண்டைக்கு அவர் நெஞ்சு எரியுதுன்னு சென்னாரு," என்று அவள் தொடர்ந்தாள். "நான் இஞ்சித் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கணும். என்னாலதான்." இது நான் கேட்டிராதது. அதற்குப் பிறகு டொக்டர் என்னைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். அங்கே என்ன கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை; சாக நினைத்தாளா என்றுதான் கேட்டிருப்பார் என்று ஊகித்தேன்.

திரும்ப உள்ளே அழைத்தபோது தங்கையின் கண்கள் சிவந்திருந்தன. "நானாவுக்கும் தெரியட்டும்," என்றாள். "சுபஹுத் தொழுகைக்கு எழும்புற நேரத்துல அவர் தொண்டயச் செருமுற சத்தம் கேக்குது எனக்கு. அதுதான் பைத்தியம்னு நெனச்சி யாருக்கும் செல்லல்ல."

"பயமா இருக்கா டீச்சர்? ஏதாச்சும் செய்யச் சொல்றாரா?"

"இல்ல. நாள்லயே அது மட்டுந்தான் நல்லா ஈக்கு."

"அத நான் நோய்ல சேக்கல்ல. கூடவே இருந்தவங்க போன பிறகு நிறையப் பேருக்கு இப்படிக் கேக்குது. சாப்பாடு, நித்திர, ஒண்ணுலயும் விருப்பம் இல்லாதது, எல்லாப் பழியையும் உங்க தலையில போட்டுக்கிறது, அதுதான் நோய். மனச்சோர்வு. மருந்து இருக்கு. பேசியும் சரிப்படுத்தலாம்."

அவள் ஒளித்து வைத்தது நோய் இல்லை. வந்தவர்கள் எல்லாம் பார்த்து மெச்சியதுதான் நோய். இத்தனை வகைகளைக் கையாண்ட எனக்கு இப்படித் தலைகீழாகப் போட்ட ஒரு கோப்பு கிடைத்ததில்லை.

மெடிகலில் நோயின் பெயரை எழுதட்டுமா என்று டொக்டர் கேட்டபோது, 'அந்தரங்கம்' என்று முத்திரையிட்டு அனுப்பும் முறையை நான் விளக்கினேன். அப்படி முத்திரையிட்ட உறையைத்தான் எந்த அலுவலகத்திலும் முதலில் உடைப்பார்கள் என்பதையும் நேர்மையாகச் சொன்னேன்.

"அப்ப பேர எழுதுங்க டொக்டர்," என்றாள் தங்கை. "எப்பிடியும் வாசிக்கப் போறாங்க. சரியானத வாசிக்கட்டும்."

லீவு அனுமதிக்கப்பட்டது. மருந்து உடனே வேலை செய்யவில்லை; முதல் வாரங்களில் வாய் காய்ந்து, என் மேல் எரிந்து விழுந்தாள். அதை முன்னேற்றம் என்று என் மனைவி வகைப்படுத்தினாள். புதிய பாடசாலைத் தவணை தொடங்கியபோது, தலை வாரி, ஆட்டோவில் ஏறினாள். நானும் ஏறிக்கொண்டேன்.

பாடசாலை வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீங்க எறங்க வாணாம். எறங்கினா அதிபருக்கு விதி செல்லுவீங்க. நானே செல்லிக்கிறேன்."

"என்ன செல்லுவ?"

"மனச்சோர்வு, மருந்து குடிக்கிறேன், கேக்க என்ன ஈந்தாலும் எனக்கிட்டயே கேளுங்க. அவ்வளவுதான்."

நான் இறங்கவில்லை.

பின்னேரம் மதிலுக்கு அந்தப் பக்கம் கேற் திறக்கும் சத்தம் கேட்டுப் போனேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன நடந்திச்சி?"

"ஒரு வாப்பா வந்து மகள வேற வகுப்புக்கு மாத்தக் கேட்டாரு. மாத்திக் குடுத்துட்டாங்க."

"அப்பிடி மாத்த ஏலாது. அதுக்கு ஒரு முற ஈக்கு..."

"நானா." களைத்திருந்தாள், ஆனால் என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள். "மத்தவங்க எல்லாம் ஈக்காங்க. சமன்பாட்டுல ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனப் போகணும், ஆட்டோக்காரருக்குச் செல்லி வைங்க."