ஜெனிஸ்டனுக்கு முன்னால் எத்தனை பேர்?

போன செவ்வாய்க்கிழமை ஒரு தொலைபேசி. மொன்றியலின் கார்ட்டியர்வில் பகுதியில் இருந்து ஒரு தகப்பன். எனக்கு முன்பின் தெரியாதவர். நான் எழுதுகிற இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவராம்.

“அக்கா, மகனை ஃபுட்போல் விளையாட ரெண்டு யூனிவேர்சிற்றி கேட்டிருக்கு. ஒண்டு அமெரிக்காவிலை, மற்றது இஞ்சை. எங்கை விட்டால் பெரிய லீக்கிலை விளையாடுவான்?”

என்னிடம்! எறிந்த சாவியைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத என்னிடம்...

ஆனால் ஏன் கேட்டார் என்று புரிந்தது. என் தோழி றெஜினாவின் மகன் ஜெனிஸ்டன் இப்போது கனடிய லீக்கில் சம்பளத்துக்கு விளையாடுகிறான். அவன் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவது என்று பேச்சு நடந்த அன்று நானும் அந்த வீட்டில் இருந்தேன். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. இது நம்மவர்கள் காலால் உதைக்கிற பந்து அல்ல. தலைக்கவசம், தோள்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்து ஒன்றுக்காக மோதிக்கொள்வார்களே, அது. அதில் ஜெனிஸ்டனுக்குப் பந்தைத் தொடுகிற வேலையே இல்லை. பந்தை எறிகிறவனுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்று, பாய்ந்து வருகிறவர்களைத் தடுப்பதுதான் அவன் வேலை.

றெஜினா மன்னார்க்காரி. ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டுகிற வேலை. கணவர் ஞானத்துக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. இரண்டு பேரும் என் தோளுயரம்தான். மகனோ கோட்-டெ-நெய்ஜில் உள்ள அவர்கள் வீட்டுக்குள் குனிந்துதான் வருவான். பல்கலைக்கழகத்துக்கு முந்திய சீஜெப் படிப்பில் அவன் விளையாடத் தொடங்கினான். ஒரே வருடத்தில் அவனை மடக்க எதிர் அணி இரண்டு பேரை விடவேண்டி வந்ததாம்.

அப்போதுதான் அமெரிக்காவின் தென்பக்க மாநிலம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. பெயர் சொன்னால் ஸ்போர்ட்ஸ் பார்க்கிறவர்கள் எழுந்து நிற்கிற பல்கலைக்கழகம். முழு ஸ்கொலர்ஷிப். ஆட்களைத் தெரிவு செய்கிற பயிற்சியாளரே வீட்டுக்கு வருவாராம். றெஜினாவுக்கு ஆஸ்பத்திரி ஃபிரெஞ்ச் நன்றாக வரும். ஆங்கிலம் மட்டுமட்டு. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டாள்.

அவர் வந்தார். நாற்காலி முனகியது. ஞானம் கோட் போட்டுக்கொண்டு ஏதோ சம்பந்தம் பேசுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். விருந்தாளி மட்டன் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே தங்கள் மைதானத்தைப் பற்றிச் சொன்னார். அங்கிருந்து அமெரிக்க லீக்குக்குப் போனவர்களின் பெயர்களைச் சொன்னார். ஞானம் ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினார். ஒரு பெயராவது அவருக்குத் தெரிந்திருக்குமா? சந்தேகம்தான்.

றெஜினா என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, இவரைக் கேளுங்கோ. என்ரை பிள்ளை நிக்கிற இடத்துக்கு அவையளிட்டை இப்ப எத்தினை பேர் இருக்கினம்?”

“உமக்கென்ன விசரே?” ஞானம் பதறினார். “வீடு தேடி வந்த மனுசனைக் கேக்கிற கேள்வியே இது?”

“நீங்கள் கேளுங்கோ அக்கா.”

கேட்டேன். அவர் மூன்றாவது றோலைத் தட்டில் வைத்தார். விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனது.

“ஏழு பேர். இந்த வருடம் இன்னும் இரண்டு பேரைக் கேட்டிருக்கிறோம்.”

“அப்ப இவன் எப்ப இறங்குவான்?”

“நன்றாக வளர்ந்தால் நான்காம் வருடம். இல்லாவிட்டால்...” தோளைக் குலுக்கினார். “அம்மா, இதை என்னிடம் யாரும் கேட்பதில்லை.”

பொய் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் யாருக்கு என்ன தெரியும்? சொல்லவில்லை. ஆள் பிடிக்க வந்தவரிடம் இப்படி ஒரு நேர்மையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவர் போனபின் சண்டை தொடங்கியது. றெஜினா ஒரேயொரு விஷயம்தான் சொன்னாள்.

“எங்கடை ஆஸ்பத்திரி வாட்டுக்கும் படிச்சுப்போட்டுப் பிள்ளையள் வருகுதுகள். ஆளைத் தூக்கித் தூக்கித்தான் தூக்கப் பழகுதுகள். பாத்துக்கொண்டு நிண்டு ஒருத்தரும் பழகேல்லை.”

ஜெனிஸ்டன் கேட்கவில்லை. “எனக்கு அமெரிக்கன் லீக்தான் வேணும் அம்மா” என்றான். பத்து வயதிலிருந்து அவன் அறைச் சுவரில் ஒட்டியிருந்ததெல்லாம் அந்த லீக்தானே! இடத்தைப் பார்த்துவர ஒரு சனி ஞாயிறு அழைத்திருந்தார்கள். போனான்.

திரும்பி வந்த வாரம் பஸ்சில் அவனைக் கண்டேன். ஆளே அடங்கிப் போயிருந்தான்.

“எப்பிடித் தம்பி இருந்தது?”

“சொல்ல ஏலாது அன்ரி. ஊர் முழுக்க மற்ச்சுக்கு வருது. எனக்கு முதல்தரம் நான் சின்ன ஆள் மாதிரி இருந்தது.”

பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு தொடர்ந்தான்.

“என்னைச் சுத்திக் காட்டினவனும் கனடாப் பெடியன்தான். ஒன்ராறியோ. நாலாம் வருஷம். அவன்ரை ஜேர்சியைப் பாத்தன் அன்ரி... ஒரு கறை இல்லை. கடையிலை வாங்கின மாதிரியே இருக்கு. எப்ப விளையாடினனி எண்டு கேட்டன். அடுத்த வருஷம் எண்டு சிரிச்சான்.”

அம்மாவின் கேள்வி அவனோடு விமானம் ஏறிப் போயிருக்கிறது!

அடுத்த கிழமை அமெரிக்காவுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மொன்றியலிலேயே ஒரு ஃபிரெஞ்ச் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். “முதல் வருடமே இறக்குவேன். பிழை விடுவாய். நான் கத்துவேன்” என்று அங்கிருந்த பயிற்சியாளர் சொல்லியிருந்தார். மூன்றும் நடந்தன. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், “அமெரிக்காவை ஆரும் வேண்டாமெண்டு சொல்லுமே?” என்று கேட்க ஒரு கூட்டம் நின்றது. ஞானம் மகனோடு நத்தார்ப் பண்டிகை வரை சரியாகப் பேசவில்லை.

முதல் பருவத்தில் ஒரு மற்ச். ஒரே ஆள் ஜெனிஸ்டனை மூன்று தடவை ஏமாற்றிக் கடந்து போய், அவன் காக்க வேண்டியவனை மண்ணில் போட்டான். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தானாம். ஆனால் அடுத்த சனிக்கிழமை திரும்ப இறக்கினார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும். பிழை விட்டுத் திருந்த வாரா வாரம் ஓர் இடம்... இதைவிட ஒரு விளையாட்டுக்காரனுக்கு என்ன வேண்டும்?

பெரிய லீக்குகளுக்கு ஆள் தேடுகிறவர்கள் பல்கலைக்கழகத்தின் வாசலைப் பார்த்துவிட்டுப் போவதில்லை. விளையாடிய வீடியோ ரேப்பைக் கேட்கிறார்கள். ஜெனிஸ்டனிடம் நான்கு வருட ரேப் இருந்தது. அதோடு கனடிய லீக்கில் ஒவ்வொரு அணியும் இத்தனை கனடியர்களை வைத்திருக்க வேண்டும் என்று விதி. இங்கே எதிராளி ஒரு யார், அதாவது மூன்றடி, தள்ளி நின்று பாய்வான். அமெரிக்காவில் மூக்குக்கு மூக்கு. அந்த ஒரு யார் இடைவெளியில் விளையாடியே வளர்ந்தவன் இவன்.

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. லீக் அணிகள் மாணவர்களைத் தெரிவு செய்த அன்று இவன் பெயர் கடைசிச் சுற்றில்தான் வந்தது. பயிற்சி முகாமின் கடைசி நாளில் பையைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். கோயில் வாசல் கூட்டத்துக்குத் தீனி! அவன் பேசாமல் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, மிச்சமிருந்த ஒரு வருடத்தையும் விளையாடி, பட்டத்தையும் எடுத்தான். அடுத்த வருடம் அதே முகாமுக்குப் போனான். இந்தமுறை வைத்துக்கொண்டார்கள்.

கார்ட்டியர்வில் தகப்பனுக்கு இன்னொன்றும் சொன்னேன். அமெரிக்க லீக்தான் கனவு என்றால், அதன் கதவு அங்கேதான் அகலம். அதை மறைக்கக் கூடாது. ஜெனிஸ்டனுக்கும் அது தெரியும். “அந்தக் கதவை விட்டது வலிக்குமா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“வலிக்கும் அன்ரி. ஆனா கிழமைக்குக் கிழமை விளையாடிக்கொண்டு வலிக்கிறது பரவாயில்லை.”

நாம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடும்போது என்ன கேட்கிறோம்? பெயர் கேட்கிறோம். பெயர் பெரிதென்றால் வரிசையும் பெரிதாக இருக்குமே... அதை எண்ணிப் பார்க்கிறோமா? றெஜினா எண்ணச் சொன்னாள். பந்தின் நிறம்கூட அப்போது அவளுக்குத் தெரியாது.

இலையுதிர் காலத்தில் அவன் அணி மொன்றியலுக்கு விளையாட வந்தது. நாங்கள் மூவரும் போனோம். மைதானமே பந்தைப் பார்த்துக் கத்தியது. றெஜினா மட்டும் பந்தின் பக்கம் திரும்பவேயில்லை.

“அவன் காக்கிற ஆள் விழாமல் நிக்கிறானோ எண்டுதான் அக்கா பாக்கிறன்.”

அன்று ஒரு தடவையும் விழவில்லை.

மற்ச் முடிந்தபோது பக்கத்து இருக்கை கியூபெக்காரர் ஞானத்திடம், “உங்கள் ஆள் யார்?” என்று ஃபிரெஞ்சில் கேட்டார். ஞானம் எழுந்து நின்றார். மகனின் பெயரைச் சொல்லுமுன், அவன் படித்த மொன்றியல் பல்கலைக்கழகத்தின் பெயரை நாலு வரிசைக்குக் கேட்கச் சொன்னார்!