எர்லாங்கனில் தாபோவின் முதல் வாசிப்பு

1972 நவம்பர், வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு, ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் ரயில் ஏறினோம். எர்லாங்கன் ஏறக்குறைய இருநூற்றைம்பது கிலோமீட்டர். வழியில் இரண்டு இடத்தில் வண்டி மாற வேண்டும். உடன் வந்தவர் தாபோ, விடுதியில் எனக்கு அடுத்த அறைக்காரர். தென்னாப்பிரிக்கக் கவிஞர். நிறவெறி அரசை எதிர்த்து எழுதியதால் நாட்டைவிட்டு ஓடிவர நேர்ந்தவர். இங்கே வந்தும் சபையில் வாய் திறந்ததில்லை. இன்று மாலைதான் முதல் வாசிப்பு.

ரயிலில் காபி ஒரு மார்க். அதற்குக் கழுநீர் தேவலை. தாபோ அதைத் தொடக்கூட இல்லை.

"கடைசிக் கவிதை, சிறையில் செத்துப்போன என் தம்பிக்கு. அதை வாசிக்க முடியாவிட்டால் நான் தப்பி வந்ததற்கே அர்த்தமில்லை" என்றார்.

எர்லாங்கன் நிலையத்தில் சண்முகம் சைக்கிளோடு நின்றான். மதுரைக்காரன்; இங்கே ஆராய்ச்சி செய்கிறான், கூட்டத்துக்கும் அவன்தான் ஏற்பாடு. "வாங்க சார், வாங்க! ஹால் ஃபுல்லாயிடும் பாருங்க!" என்று தாபோவிடமே தமிழில் பொரிந்து தள்ளினான். ஆர்வக்கோளாறு!

மாலை ஆறு மணி. விரிவுரைக் கூடம் நிறைந்திருந்தது. தாபோ முதல் கவிதையை முடித்ததும் மாணவர்கள் எல்லோரும் விரல் கணுக்களால் மேசையைத் தட்டினார்கள். இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாராட்டு அப்படித்தான். வந்த புதிதில் நானும் பேராசிரியரைக் கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன். தாபோவுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. முகம் செத்துப்போய், தாள்களைச் சுருட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"பாராட்டுகிறார்கள், தாபோ! இங்கே இப்படித்தான்."

"எங்கள் கதவை இப்படித் தட்டித்தான் போலீஸ்காரர்கள் தம்பியைக் கொண்டுபோனார்கள்."

சண்முகம் மேடையேறி இதை ஜெர்மனில் சொன்னான். கைகளெல்லாம் மடிக்குப் போய்விட்டன. தாபோ திரும்பிப்போய்த் தம்பிக்கு எழுதிய கவிதையை எடுத்தார். முதல் வரியிலேயே அவன் பெயர். குரல் உடையாமல் முடித்தார். யாரும் அசையவில்லை.

"இப்போது தட்டுங்கள்" என்றார் தாபோ. "எங்கள் நாட்டில் இந்தக் கவிதையை உரக்கப் படித்தால் சிறை. பலமாகத் தட்டுங்கள், அவர்களுக்குக் கேட்கட்டும்."

தட்டினோம். என் விரல்கள் சிவந்துவிட்டன. சண்முகத்துக்கு அதுவும் போதவில்லை. மதுரைக் கவியரங்க ஞாபகத்தில் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தான். ஜெர்மனியில் விசில் அடித்தால் கவிதை பிடிக்கவில்லை என்று பொருள். முன்வரிசை முழுக்க முறைத்தது. அடப்பாவி, கெடுத்தானே என்று நான் தாபோவைப் பார்த்தேன்.

அவரும் சிரித்துக்கொண்டே இரண்டு விரலை வாயில் வைத்தார்.