கால்வாய்க் கரைக்கு ஏழு நிமிடம்

1. பொருந்தாத பதில்

செய்தித்தாள் வேலையை விட்டு, தி.நகரில் வரைபடம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். மக்கள் காவல் நிலையத்தை எவ்வளவு நேரத்தில் அடைகிறார்கள் என்பதுதான் எங்கள் ஆய்வு. வீடு, தெரு, ஸ்டேஷன் மூன்றையும் ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினால் நடக்கும் நேரத்தை அது சொல்லிவிடும். சரிபார்ப்பதற்காக, ஆட்கள் வீடு வீடாகப் போயும் கேட்டு வந்தார்கள். நேரம் அதிகமாகும் குடியிருப்பில் ஒரு காவல் உதவி மையம் திறப்பதாகத் திட்டம்.

மயிலாப்பூர் கால்வாய்க் கரையில் மீன் விற்கும் கஸ்தூரி, மூன்று மணி நேரம் என்று சொல்லியிருந்தார். மென்பொருள் சொன்னது ஏழு நிமிடம்.

டீம் லீடர் எட்டிப் பார்த்தார். "மயிலாப்பூர்ல மூணு மணி நேரமா? அந்தம்மா செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கா நடந்தாங்க? அவுட்லையர் சார், மத்ததோட ஒட்டாத பதில், தூக்கிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அந்த வரியை நீக்கினேன். வரைபடத்தில் கால்வாய்க் கரை பச்சையானது; ஸ்டேஷன் பக்கம், மையம் தேவையில்லை என்று அர்த்தம். அறிக்கை போய்விட்டது.

2. நேரில்

அறிக்கையின் அச்சுப் பிரதிக்குப் படம் எடுக்க, பிறகு ஒருநாள் அங்கே போனேன். கஸ்தூரி வாசலில் சங்கரா மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டேஷன் பக்கத்துலதானேம்மா இருக்கு? மூணு மணி நேரம்னு சொல்லியிருக்கீங்க?"

"இன்னா சார் நீ, தனியா போனா உள்ள உடுவானா? கட்சி வட்டச் செயலாளரைக் கூட்டிக்கினு போவணும். அவரு எந்திரிச்சு, குளிச்சு, வெள்ளைச் சட்டைய மாட்டிக்கினு வரணும்."

"தனியாப் போய்ப் பாத்தீங்களா?"

"மொதல்ல தனியாத்தான் ஓடினேன். யாரு கூட வந்தேன்னு கேட்டாங்க. யாருமில்லன்னேன். வெளிய உக்காருன்னாங்க. அப்பால திரும்பி வந்து அவரைக் கூட்டிக்கினு போனேன். அதுவரைக்கும் மருமவன் எம்பொண்ணை அடிச்சிக்கினே இருந்தான்."

கதவோரம் மகள் ரேவதி நின்றிருந்தார். இடது கண் மூடியே இருந்தது.

"அவன் ஜாமீன்ல வரப்போறான் சார். இங்கியே ஒரு மையம் வரும்னு உங்க ஆளு சொன்னாரே. எப்ப வருது?" என்று கேட்டார் கஸ்தூரி.

3. பச்சை

அன்றே டீம் லீடரிடம் சொன்னேன். "அறிக்கையை ஏத்துக்கிட்டாங்க. இப்ப மாத்தினா மொத்த டேட்டாவையும் சந்தேகப்படுவாங்க" என்றார். மேலதிகாரிகளுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. உதவி மையம் அடையாறில், வாசலுக்கு வாசல் கார் நிற்கும் ஒரு தெருவில் திறக்கப்பட்டது. அங்கிருந்து ஸ்டேஷனுக்கு நடக்க இருபது நிமிடம். கணக்கு சரிதான்.

கஸ்தூரியிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அந்த வாரமே ரேவதியைப் பாலவாக்கத்தில் உள்ள தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். நம்ப முடியாத பதில் வந்தால், அதை நீக்கும் முன் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.

மயிலாப்பூரிலிருந்து பாலவாக்கத்துக்கு பஸ்ஸில் எவ்வளவு நேரம் என்று ரேவதி போன அன்று மாலை மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். மென்பொருள் சொன்னது ஐம்பது நிமிடம்.