ஆர்ஃபாவின் பெயர் பதித்த கித்தார்

கென்டக்கி மலையின் நிலக்கரி ஊர்களில் ஆர்ஃபா பாட வந்தாளென்றால் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ரேடியோ அலறும். முதல் வருஷச் சம்பாத்தியம் முழுவதையும் கொட்டி, தன் சின்னக் கைக்குத் தோதாக ஒரு கித்தார் செய்யச் சொல்லி வாங்கினாள். கம்பிகளுக்கு அடியில், சிப்பியில் அறுத்த எழுத்துகளில் அவள் பெயர். அதைப் போல் இன்னொன்று கிடையாது.

அந்தக் குரலில் சொக்கித்தான் சுரங்கத்தில் வேலை பார்த்த ஹார்லிஸ் அவளைக் கட்டினான். பிறகு கட்டுப்பாடான ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்தான். அங்கே வாத்தியமும் ஆகாது, பெண்கள் பாடுவதும் ஆகாது. பெரியவர்கள் சொன்னதை அப்படியே கொண்டுவந்து மனைவி தலையில் போட்டான். நல்ல மனுஷன்தான், ஆனாலும் அநியாயம் அநியாயம்தானே! ஆர்ஃபாவின் கித்தார் கட்டிலுக்கடியில் போயிற்று.

முப்பது வருஷம் ஓடியது. கரித்தூசி நெஞ்சை அடைத்து ஹார்லிஸ் நாற்காலியில் முடங்கினான். வைத்தியத்துக்காகக் கித்தாரை விற்பதென்று இருவரும் முடிவு செய்தார்கள். நாஷ்வில்லிலிருந்து ப்ரூவிட் என்ற வியாபாரி வந்து பெட்டியைத் திறந்தான்.

"அடேயப்பா! கம்பியெல்லாம் புதுசா மின்னுதே! தினம் வாசிப்பீங்க போலிருக்கேம்மா!"

வியாபாரி வருமுன் புதுக் கம்பிகளைக் கழற்றி வைக்க வேண்டும் என்று ஆர்ஃபாவுக்குத் தோன்றவே இல்லை. ஹார்லிஸ் அவளுடைய இடது கையைப் பிடித்துத் திருப்பினான். விரல் நுனிகள் காய்த்துக் கிடந்தன. துணி துவைத்துக் காய்த்தது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தான்.

"எப்ப?"

"நீ சுரங்கத்துல இருந்தப்ப. இப்பல்லாம் கோழிக் கொட்டகையில."

"கோழிக்கு வாசிச்சிருக்கே. எனக்கு இல்ல."

"நீதானே வேணாம்னே!"

"சொன்னேன். சொல்லிட்டு, இவ வாயைக் கட்டிட்டோமேன்னு அன்னையிலேருந்து வெந்து சாகுறேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஜன்னலுக்கு வெளிய நின்னாவது கேட்டிருப்பேனேடி, பாவி!" இருமல் அவனைச் சுருட்டிப் போட்டது.

அவனுக்குத் தெரியாமல் வாசிப்பதில் அவளுக்கு ஒரு வீம்பு இருந்தது, அவனுக்கு நன்றாக வேண்டும் என்று. இப்போது அது அவளையே அறுத்தது.

"விக்கிற மாதிரி இல்ல தம்பி. கிளம்புங்க," என்று ப்ரூவிட்டை அனுப்பிவிட்டு, கித்தாரை மடியில் வைத்துப் பழைய பாட்டை எடுத்தாள். விரல்கள் எங்கேயும் தடுக்கவில்லை. ஹார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"பாடு, ஆர்ஃபா."

வாயைத் திறந்தாள். அக்கம்பக்கம் கேட்டுவிடுமோ என்று பயந்து இத்தனை வருஷமும் வாய் திறக்காமலே வாசித்தவள். வெறும் காற்றும் கரகரப்பும்தான் வந்தன. மறுபடி முயன்றாள். அதே கதி. அவன் ஆசைப்பட்ட குரல் எப்போதோ போய்விட்டது. அழுகையோடு கித்தாரைக் கீழே வைக்கப் போனாள்.

"வைக்காதே," என்றான் ஹார்லிஸ். "நாளைக்கும் பாடிப் பாரு. எனக்கு மூச்சு இருக்கிற வரைக்கும் பாடிப் பாரு."